இடமா வலமா, கிழக்கா மேற்கா: மேசைச் சோதனையை எப்படி அமைப்பது?

ஆய்வேட்டுக்காரன்:
சுற்றியிருக்கும் பொருள்களின் இருப்பிடத்தை மக்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பது என் முதுகலை ஆய்வுத் தலைப்பு. மொழியியலாளர் ஸ்டீபன் லெவின்சன் குழுவின் மூன்று வகைகள் புரிகின்றன: பொருளின் சொந்த முகப்பை வைத்து (‘வண்டிக்கு முன்னால்’), பார்ப்பவரின் உடலை வைத்து (‘மரத்துக்கு இடப்பக்கம்’), திசையை வைத்து (‘மரத்துக்கு வடக்கே’). விலங்கு பொம்மைகளை அடுக்கிக் காட்டி, ஆளைத் திருப்பிவிட்டு மறுபடி அடுக்கச் சொல்லும் சோதனையைச் செய்யப் போகிறேன். எத்தனை பொம்மை, எத்தனை முறை? முடிவை வைத்து ‘இவர்கள் இப்படித்தான் சிந்திக்கிறார்கள்’ என எழுதலாமா?

திசைமானி:
இரண்டு மேசைகளை எதிரெதிராகப் போடுங்கள். நடுவில் ஆள். முதல் மேசையில் வடக்கு பார்த்து நிற்கிறார், பொம்மைகளின் தலை கிழக்கே, அதாவது அவர் வலக்கைப் பக்கம். திரும்பியதும் தெற்கு பார்ப்பார். மறுபடி வலப்பக்கமே தலை வைத்தால் உடல்சார் முறை. கிழக்கே (இப்போது இடப்பக்கம்) வைத்தால் திசைசார் முறை.

மூன்று பொம்மை போதும். ஆனால் நான்கைக் கையில் கொடுத்து மூன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அப்போது கவனம் ‘எந்த விலங்கு, எந்த வரிசை’ என்பதில் போகும், தலை பார்க்கும் பக்கம் தானாக வந்து விழும். உங்களுக்கு வேண்டியது அதுதான். வரிசைப் பிழையைத் தனியாகக் குறியுங்கள், திசையோடு கலக்காதீர்கள். காட்டியதற்கும் அடுக்குவதற்கும் இடையில் அரை நிமிடமாவது விடுங்கள்.

ஆறு முறை செய்தால் மூன்றில் தலை இடப்பக்கம், மூன்றில் வலப்பக்கம் என்று கலந்து காட்டுங்கள். சிலர் எதைக் காட்டினாலும் ஒரே பக்கமாக அடுக்குவார்கள். காட்டியதெல்லாம் ஒரே பக்கமாக இருந்தால் அவர்களை அடையாளம் காணவே முடியாது. ஆறில் ஐந்து ஒரே வகை என்றால் அந்த வகையில் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அடுக்குபவருக்கும் ஏதோ ஒரு வகையில் ஐந்தோ ஆறோ விழ 22% வாய்ப்பு உண்டு. ஆகவே தனி ஆளை வைத்து எதையும் நிறுவாதீர்கள், குழுவாகப் பாருங்கள்.

சொல்ல வேண்டியது ‘அதே மாதிரி வையுங்கள்’ மட்டுமே. ‘இந்தப் பக்கம்’ என்று கைநீட்டினாலே சோதனை கெட்டது.

நிலவியல்மொழி:
‘இப்படித்தான் சிந்திக்கிறார்கள்’ என்பதில் அவசரம் வேண்டாம். உளவியலாளர்கள் லி, கிளைட்மன் இருவரும் 2002இல் அமெரிக்க மாணவர்களிடம் இதே சோதனையைச் செய்து, சூழலில் கண்ணுக்குப் படும் அடையாளத்தை மாற்றினாலே விடை மாறுகிறது என்று வாதிட்டார்கள். மேசை முனையில் பொம்மை வாத்தை வைத்ததும் பலர் வாத்தைப் பார்த்து அடுக்கினார்கள். லெவின்சன் தரப்பின் மறுமொழி: அது திசைசார் முறையே அல்ல, வாத்தைச் சார்ந்த முறை. 180 பாகையில் இரண்டும் ஒரே விடையாகத் தெரியலாம். 90 பாகை திருப்பி, அடையாளப் பொருளை வேறு திசை முனைக்கு மாற்றினால் பிரிந்துவிடும். இந்த வாதம் எனக்கு வலுவாகவே படுகிறது. எப்படியானாலும் உங்கள் அறையில் சன்னல், கதவு எந்தப் பக்கம் என்று வரைபடம் போட்டு இணையுங்கள்.

சொல்லடுக்கு:
பேச்சைத் தனியாக அளக்க வேண்டும், பொம்மைச் சோதனை நினைவைத்தான் அளக்கிறது. மனிதன்–மரம் படவிளையாட்டு இருக்கிறது: இருவர் பக்கத்துப் பக்கத்தில், ஒரே திசை பார்த்து, நடுவில் தடுப்பு, இருவரிடமும் அதே படங்கள். ஒருவர் விவரிக்க மற்றவர் எடுக்க வேண்டும். இங்கே ஒரு பொறி: பொம்மை மனிதன் நமக்கு முதுகு காட்டி நிற்கும் படத்தில் ‘அவனுக்கு இடப்பக்கம் மரம்’ என்றால் அவன் இடப்பக்கமும் நம் இடப்பக்கமும் ஒன்றுதான், வகைப்படுத்த முடியாது. நம்மைப் பார்த்து நிற்கும் படங்களில்தான் பிரியும். அவற்றை அதிகமாக வையுங்கள்.

மொழியியலாளர் எரிக் பெடர்சன் தமிழ் பேசுவோரிடையே செய்த ஆய்வைப் படியுங்கள். மொழி ஒன்றே, ஆனால் கிராமத்தார் திசைச்சொற்களையும் நகரத்தார் இட–வலத்தையும் அதிகம் நம்பினர். ‘ஒரு மொழிக்கு ஒரு முறை’ என்று தொடங்கினால் இங்கேயே இடறும்.

ஆய்வேட்டுக்காரன்:
நன்றி. கிடைத்த அறை சரியாக வடக்கு–தெற்காக இல்லை, கோணலாக இருக்கிறது. பரவாயில்லையா?

திசைமானி:
45 பாகைக்கு நெருங்கினால் வேண்டாம், எந்தத் திசை என்று பொம்மை அடுக்குபவரே தடுமாறுவார். சிறிய கோணல் என்றால் திசைகாட்டும் கருவியை நம்புவதற்கு முன் அவரையே கைகாட்டச் சொல்லுங்கள், ஆனால் சோதனை முடிந்த பிறகு. அவர் மனத்திலுள்ள திசை கருவி காட்டுவதோடு பொருந்தாமல் இருக்கலாம்: ஆஸ்திரேலியாவின் கூகு யிமிதிர் மொழியில் நான்கு திசைப் பகுதிகளும் நம் வடக்கு–தெற்கிலிருந்து சற்றே கடிகாரச் சுற்றாகத் திரும்பியிருக்கின்றன. மெக்சிகோவின் செல்டால் மொழியில் ‘மேட்டுப்பக்கம்’ என்பதுதான் ஏறக்குறையத் தெற்கு, தட்டையான மேசை மேலும் அப்படியே சொல்வார்கள்.