லைன் ஷாஃப்ட்: வரிசைத்தண்டா, தாய்த்தண்டா?

அன்பர்களுக்கு வணக்கம். பழைய ஆலைகளின் ‘லைன் ஷாஃப்ட்’ (line shaft) என்ற தண்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் ஓர் அன்பர் கேட்டது:

> லைன் ஷாஃப்டுக்கு ‘வரிசைத்தண்டு’ போதுமே?

போதாது என்றுதான் படுகிறது. கேட்பவர் பல தண்டுகள் வரிசையாக இருப்பதாக நினைத்துக்கொள்வார். இருப்பது ஒரே தண்டு. வரிசையாக நிற்பவை எந்திரங்கள்.

பழைய எந்திர ஆலை அப்படியே அருங்காட்சியகமாகியிருந்தால், உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். கூரையை ஒட்டிக் கூடத்தின் நீளத்துக்கும் ஓர் இரும்புத் தண்டு. அதுதான் லைன் ஷாஃப்ட். நீராவிப் பொறி அதைச் சுழற்றும். அதில் மாட்டிய கப்பிகளிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கிக் கடைசல் எந்திரம், துளைபோடும் எந்திரம் என எல்லாவற்றையும் ஓட்டும். எந்திரத்துக்கொரு மின்மோட்டார் வந்தபிறகுதான் இதற்கு வேலை போனது.

ஜெர்மானியர்கள் இந்த அமைப்பை ‘டிரான்ஸ்மிஷன்’ என்கிறார்கள். அதை நாம் ‘கடத்தல் தண்டு’ என்றால் படிப்பவருக்குத் தங்கக் கடத்தல்தான் நினைவுக்கு வரும்! ‘உத்தரத்தண்டு’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சில ஆலைகளில் தண்டு தரைக்கடியில் ஓடியது.

என் பரிந்துரை ‘தாய்த்தண்டு’. தாய்ச்சுவர், தாய்ப்பத்திரம் என்று ஏற்கெனவே சொல்கிறோமே. மற்றவை எதைச் சார்ந்திருக்கின்றனவோ அது தாய். அதிலிருந்து விசை வாங்கி எந்திரத்துக்குக் கொடுக்கும் கவுன்டர் ஷாஃப்ட், ‘கிளைத்தண்டு’.

அப்புறம், அந்தக் கிளைத்தண்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கப்பிகள் இருக்கும்: ஃபாஸ்ட் புல்லி, லூஸ் புல்லி. என் முதல் வரைவில் ‘வேகக்கப்பி’, ‘தளர்கப்பி’ என்று எழுதிவைத்திருந்தேன். இரண்டுமே தப்பு. இங்கே ஃபாஸ்ட் என்றால் வேகம் இல்லை, தண்டோடு இறுகியது. லூஸ் என்றால் தொளதொளவென்று ஆடுவது இல்லை. தண்டைத் திருப்பாமல் தான் மட்டும் சுற்றுவது. பெல்ட் அதன்மேல் இருக்கும்வரை எந்திரம் சும்மா நிற்கும். தொழிலாளி பிடியைத் தள்ளினால் பெல்ட் பக்கத்துக் கப்பிக்கு நகரும், எந்திரம் ஓடத் தொடங்கும். மற்ற எந்திரங்களுக்கு ஒரு தடங்கலும் இல்லை. ஆகவே ‘பிணைகப்பி’, ‘வெறுங்கப்பி’ எனலாமா? வெறுங்கை, வெறும்வயிறு போல.

பெல்ட்டைத் தள்ளும் கவட்டை போன்ற உறுப்புக்குக் ‘கவைக்கோல்’ என்ற பழைய சொல்லே பொருந்தும்.

பெல்ட்டைப் பெல்ட்டாகவே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. ‘வார்’ என்றால் எனக்குச் செருப்புதான் ஞாபகம் வருகிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.