வன்னியின் உள்வீதிகளில் நெடும்பயணம்: பின்சில்லில் காற்று இறங்குகின்றது, ஆலோசனை தேவை

கேள்வி (வவுனியாவிலிருந்து)

வணக்கம். எங்களுடைய டொல்பின் வானின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, படுப்பதற்குப் பலகைக் கட்டில், எரிவாயு அடுப்பு, 120 லீற்றர் தண்ணீர்த் தாங்கி, இரண்டாவது பற்றரி ஆகியவற்றைப் பொருத்தியிருக்கின்றேன். அடுத்த மாதம் வெளிநாட்டிலிருந்து வரும் அக்கா குடும்பத்துடன் நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கும் கொக்கிளாய்க்கும் சென்று, திரும்பிப் புதுக்குடியிருப்பு, பரந்தன், பூநகரி வந்து, அங்கிருந்து ஏ32 வீதியில் வெள்ளாங்குளம், மன்னார், பின்னர் மடு என்று சுற்றி வர எண்ணியுள்ளோம். இரவில் வானிலேயே தங்குவோம். பிரதான வீதிகளை விட்டுக் குளக்கட்டு வீதிகளிலும் கிரவல் வீதிகளிலும் இறங்க வேண்டியிருக்கும்.

என் கவலை ரயர்களைப் பற்றியது. பின் இடப்பக்கச் சில்லில் ஒரு வாரத்தில் காற்றழுத்தம் 6 அல்லது 7 பி.எஸ்.ஐ. இறங்கிவிடுகின்றது. கடையில் ரயரைத் தண்ணீரில் உருட்டிப் பார்த்தார்கள்; ஆணியும் இல்லை, முள்ளும் இல்லை என்றார்கள். நான்கு ரயர்களிலும் பூ (நிலத்தில் படும் வெட்டுப் பகுதி) நன்றாகவே இருக்கின்றது. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாள் ஜப்பானிய எழுத்தில் இருக்கின்றது. பின் சில்லுக்கு 350 கிலோபாஸ்கல் என்பது மட்டும் விளங்குகின்றது. ரயரின் பக்கச் சுவரிலோ 65 பி.எஸ்.ஐ. என்று அச்சிட்டுள்ளது. இவற்றுள் எதைப் பின்பற்றுவது? ஒரேயொரு மேலதிகச் சில்லுடன் இந்தப் பயணத்தைச் செய்யலாமா? ரயருக்குள் ஊற்றும் பசைத் திரவத்தை நம்பலாமா?

பதில் 1 (கிளிநொச்சியில் ரயர் கடை நடத்துபவர்)

தம்பி, பூவை மட்டும் பார்த்து ரயரை மதிப்பிடாதீர்கள். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும்; முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. உதாரணமாக 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த ரயர். சில ரயர்களில் அந்த நான்கு இலக்கங்களும் உட்பக்கச் சுவரில் மட்டுமே இருக்கும் என்பதால், வானுக்கு அடியில் தலையை விட்டுத்தான் பார்க்க வேண்டும். வெயிலில் நின்ற ரயர் ஓடாவிட்டாலும் கிழடாகும். ஆறு வருடத்துக்கு மேல் போனதை ஆண்டுதோறும் கழற்றி உள்ளும் புறமும் பார்க்க வேண்டும்; பத்து வருடம் கடந்ததைப் பூ எப்படியிருந்தாலும் நெடும்பயணத்துக்குப் போடவே கூடாது. இந்தக் கணக்கில் எல்லோரும் மறப்பது மேலதிகச் சில்லைத்தான்.

65 என்பது அந்த ரயர் தாங்கக்கூடிய உச்சப் பாரத்துக்குரிய அழுத்தம். நீங்கள் அடிக்க வேண்டிய அளவு அதுவல்ல. 350 கிலோபாஸ்கல் ஏறத்தாழ 51 பி.எஸ்.ஐ. அது வானைச் செய்தவர்கள் அவர்கள் கணித்த பாரத்துக்குச் சொன்னது. நீங்கள் கட்டிலும் தாங்கியும் பற்றரியும் ஏற்றியிருக்கின்றீர்கள். தண்ணீர் மட்டுமே 120 கிலோ. ஆகவே தாங்கியை நிரப்பி, அடுப்பும் சாமானும் ஏற்றி, ஆட்களையும் இருத்தி, வாகனத்தோடு நிறுக்கும் தராசு உள்ள நெல் ஆலை ஒன்றுக்குச் சென்று முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக நிறுத்து வாருங்கள். ரயரின் அளவுக்குப் பின்னால் 106/104 என்பது போல எழுதியிருக்கும். தனிச் சில்லாகப் பூட்டும்போது 106 என்றால் உச்சமாக 950 கிலோ. 104 என்பது இரட்டைச் சில்லுக்கான கணக்கு, உங்களுக்கு அது வேண்டியதில்லை.

காற்று இறங்குவதைப் பற்றி: ஆணி இல்லையென்றால் மீதியிருப்பது இரண்டு இடங்கள்தான். ஒன்று வால்வு, மற்றது றிம்மும் ரயரும் சேரும் விளிம்பு. சில்லை வானில் இருந்தபடியே 50க்கு நிரப்பிவிட்டு, சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் வால்வின் வாயிலும் அடியிலும், பின்னர் இரு பக்க விளிம்புகளிலும் பூசிப் பத்து நிமிடமாவது பொறுத்திருங்கள். மெதுவாக இறங்கும் காற்று உடனே குமிழி விடாது. தண்ணீரில் உருட்டிப் பார்ப்பதில் இது தப்பிவிடும்.

பதில் 2 (முல்லைத்தீவு–வவுனியா வழியில் மீன் ஏற்றும் சாரதி)

அண்ணர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கின்றேன். மேலதிகச் சில்லு உங்கள் வானில் பின்பக்க அடியில் கம்பிக் கயிற்றில் தொங்குகின்றது. அதைக் கடைசியாக எப்போது இறக்கினீர்கள்? கடற்கரைப் பக்கம் ஓடும் வாகனங்களில் அந்தக் கயிறும் சுற்றும் பொறியும் உப்புக் காற்றில் இறுகிப்போகும். சில்லு இருந்தும் இறக்க முடியாமல் நின்ற வான்களைக் கொக்கிளாய் வீதியில் கண்டிருக்கின்றேன். வீட்டு முற்றத்தில் இறக்கி, துருவைத் தட்டி, கிறீஸ் பூசி, திரும்பவும் ஏற்றிப் பாருங்கள்.

வானைத் தூக்கும் ஜக் விடயத்திலும் அப்படித்தான். நிறைபாரத்தோடு, அந்தச் சில்லின் காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, தாழ்ந்து நிற்கும் வானுக்கு அடியில் ஜக் நுழைகின்றதா என்று பாருங்கள். போத்தல் ஜக் பல வேளைகளில் நுழையாது. கிரவலிலும் மணலிலும் ஜக் புதையும். ஓரடிச் சதுரத்தில் தடித்த முதிரைப் பலகைத் துண்டு ஒன்று இருந்தால் போதும். நட்டுகளைச் சில்லு நிலத்தில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்த வேண்டும், தூக்கிய பின்னர் அல்ல. கடையில் இயந்திரத்தால் இறுக்கிய நட்டு வானோடு வந்த சிறு ஸ்பனருக்கு அசையாது. நீளமான இரும்புக் குழாய் ஒன்றைக் கைப்பிடியில் செருகிக்கொள்ளுங்கள். பூட்டும்போது எதிரெதிராக இறுக்கி, 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் ஒருமுறை நிறுத்தித் திரும்பவும் இறுக்குங்கள்.

கிராமத்துக் கடைகளில் மோட்டார் சைக்கிளுக்கும் உழவு இயந்திரத்துக்கும் ஒட்டுப் போடுவார்கள். வான் ரயரைக் கழற்ற இயந்திரம் இராது. லிவர் போட்டுக் கழற்றினால் விளிம்பு காயப்படலாம். நானென்றால் இரண்டாவது மேலதிகச் சில்லு ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்வேன்.

பதில் 3 (மன்னாரிலிருந்து)

இரண்டாவது சில்லு என்பதை நான் ஏற்கவில்லை. ஏற்கனவே பாரம் கூடிய வானில் இன்னும் இருபது கிலோவுக்கு மேல் ஏற்றுவதை விட, திரி வைத்து அடைக்கும் கருவியும் நல்ல கொம்பிறசரும் போதும். எங்கள் பக்கத்தில் ரயரைக் குத்துவது பெரும்பாலும் உடைமரத்து முள்ளும் ஆணியும்தான்; இவை பூப்பகுதியில் ஏறுவதால், சில்லைக் கழற்றாமலேயே பத்து நிமிடத்தில் அடைத்துவிடலாம். துளை 6 மில்லிமீற்றருக்கு மேல் போனாலோ, பூவும் பக்கச் சுவரும் சேரும் தோள்பட்டையிலோ பக்கச் சுவரிலோ இருந்தாலோ திரி நிற்காது. பசைத் திரவமும் அப்படியே: சிறு துளைக்கு மட்டும், அதுவும் திகதி முடியாததாக இருந்தால். ஊற்றியபின் கடைக்காரர் உங்களை வாழ்த்தமாட்டார். உள்ளே முழுவதும் கழுவித்தான் ஒட்டுப் போட வேண்டும். ஆகவே அதைக் கடைசிக் கைக்கு வைத்திருங்கள்.

கொம்பிறசரைச் சிகரெட் மூட்டியின் துளையில் செருகாமல் பற்றரியில் நேரே கவ்வும் வகையாக வாங்குங்கள். 50க்கு மேல் அடிக்கும்போது அந்தத் துளையின் பியூஸ் எரிந்துவிடும். என்ஜினை ஓடவிட்டு அடியுங்கள்.

பதில் 4 (ஒட்டுசுட்டானில் வசிக்கும் ஆசிரியை)

கருவிகளைப் பற்றி மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். எங்கே நிறுத்துவது என்பதை நான் எழுதுகின்றேன். சில்லு போனதும் வீதிக்கு வெளியே பற்றைக்குள் வானை ஒதுக்கிவிட வேண்டும் என்றே மனம் தூண்டும். வன்னியில் அதைச் செய்யாதீர்கள்; போர்க்காலக் கண்ணிவெடிகள் இன்னும் எஞ்சியிருக்கலாம். மண்டையோட்டுப் பலகையோ சிவப்புத் தலை அடித்த கட்டைகளோ தெரியும் இடத்தில் வாகனமும் இறங்கக் கூடாது, பிள்ளைகளும் இறங்கக் கூடாது. கல் பொறுக்கவோ மறைவுக்கோ கூடப் போகக் கூடாது. ரயர் அழிந்தாலும் பரவாயில்லை என்று மெதுவாக உருட்டிச் சென்று, ஆட்கள் நடந்து பழகிய திறந்த இடத்தில் நிறுத்துங்கள். நெடுங்கேணிப் பக்கத்திலும் மடுப் பக்கத்திலும் பொழுது சாயும்போது யானை வீதிக்கு வரும். ஆகவே நான்கு மணிக்குப் பிறகு காட்டு வீதியில் புதிய பயணத் துண்டைத் தொடங்காமல் இருப்பது நல்லது. 119 (பொலிஸ்), 1990 (அம்புலன்ஸ்) ஆகிய இலக்கங்களோடு, போகும் வழியிலுள்ள ஒரு கராஜின் தொலைபேசி இலக்கத்தையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி

எல்லோருக்கும் நன்றி. பார்த்தவற்றை எழுதுகின்றேன். பின் அச்சு நிறைபாரத்தில் 1540 கிலோ. தண்ணீர்த் தாங்கியும் பற்றரியும் இடப்பக்கமாகவே இருப்பதால் பாரம் இரு சில்லுகளுக்கும் சமமாகப் போகவில்லை. மூன்று ரயர்களில் 2321. காற்று இறங்கும் ரயரில் 1416. மேலதிகச் சில்லில் 4013. மேலதிகச் சில்லு இறங்கவில்லை. கயிறு பாதியில் இறுகி நின்றது, எண்ணெய் விட்டு அடுத்த நாள்தான் இறங்கியது.

சவர்க்காரத் தண்ணீரில் வால்வு சுத்தமாக இருந்தது. உட்பக்க விளிம்பில், ஒரு கை அகலத்துக்கு, கடுகளவு குமிழிகள் வரிசையாக எழுந்தன. இதை எப்படிச் சரி செய்வது? காற்றை எவ்வளவுக்கு வைப்பது?

பதில் 1 (மீண்டும்)

அது இரும்பு றிம் துருப்பிடித்து, துரு ரயரின் விளிம்பைத் தூக்கியிருப்பதன் அடையாளம். ரயரைக் கழற்றி, றிம்மின் இருக்கையைக் கம்பித் தூரிகையால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, விளிம்புக்கான கறுப்புப் பசை பூசிப் பூட்டினால் நிற்கும். துரு குழி விழும் அளவுக்குத் தின்றிருந்தால் றிம்மையே மாற்றுங்கள். அதில் 2016 ரயரைத் திரும்பப் பூட்ட வேண்டாம். பின்னுக்குப் புதியது இரண்டு போடுங்கள், கழற்றும் 2021 ரயரை மேலதிகச் சில்லாக்குங்கள், 2013ஐ வீசிவிடுங்கள். அந்த வேலையோடு இரப்பர் வால்வுகளுக்குப் பதிலாக உலோக வால்வுகளையும் போடச் சொல்லுங்கள். சாதாரண இரப்பர் வால்வின் எல்லையே 65 பி.எஸ்.ஐ.தான்.

இரண்டு சில்லுக்கு 1540 என்றால் சராசரி 770 கிலோ, இடப்பக்கம் அதற்கு மேல். 51இல் அது எல்லையில் ஓடும். பின் சில்லுகள் இரண்டையும் 58இல் வையுங்கள்; பாரம் பெரிதாகக் கூடாத முன் சில்லுகளைத் தாளில் உள்ளபடி விடுங்கள். தாங்கியை நடுவுக்கு நகர்த்த முடியுமானால் அதுவே முதல் வேலை. காலையில் ஓடுவதற்கு முன்னர் அளவுங்கள். வெயிலில் ஓடி நின்றதும் ஐந்தாறு கூடிக் காட்டும், அதைக் கண்டு திறந்துவிடாதீர்கள். திறந்தால் மறுநாள் குளிர்ந்த ரயரில் காற்றுக் குறைந்திருக்கும், குறைந்த காற்றில்தான் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும்.

பதில் 2 (மீண்டும்)

மன்னார் அன்பரின் கணக்கும் சரிதான். ரயர்கள் எல்லாம் வயது குறைந்தனவாகவும் திடமாகவும் இருந்தால் திரிக் கருவியும் கொம்பிறசரும் போதும். கட்டிலுக்கு அடியில் அந்த இடத்தைத் தண்ணீருக்கு விடுங்கள். ஓடும்போது வெடித்தால் மட்டும் பிரேக்கை மிதிக்காதீர்கள்: ஸ்டியரிங்கை நேராக இறுகப் பிடித்து, அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாக விழுந்த பிறகு ஒதுங்குங்கள். வானை அக்கா வீட்டார் யாராவது ஓட்டுவதாக இருந்தால் இதைப் புறப்படுவதற்கு முன்னரே சொல்லிவையுங்கள்.

கேள்வி கேட்டவர்

றிம்மைத் தேய்த்துப் பசை பூசியாயிற்று, உலோக வால்வுகளும் போட்டாயிற்று. புதிய ரயர் பூட்டி ஒரு வாரமாக 58இலேயே நிற்கின்றது. தாங்கியைப் பின் அச்சுக்கு நேர் மேலே நடுவுக்கு மாற்றிவிட்டேன். நாளை மறுபடி நிறுக்கப் போகின்றேன்.