அம்மாவுக்கு விமானத்தில் சைவச் சாப்பாடு: போன தடவை கோழிக் குழம்பு வந்துவிட்டது, உதவுங்கள்

வணக்கம். மயிலாடுதுறையிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 67 வயது, சுத்த சைவம். சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்பவர். தங்கை பிரசவத்துக்காக அடுத்த மாதம் டொராண்டோ போகிறார். சென்னையிலிருந்து துபாய் நாலு மணி நேரம், அங்கிருந்து சுமார் 14 மணி நேரம்.

போன தடவை ‘இந்து மீல்’ என்று நான்தான் பதிவு செய்தேன். ஊசி போட்டுக்கொண்டு மூடியைப் பிரித்தால் கோழிக் குழம்பு. சாப்பிட முடியாமல் சர்க்கரை இறங்கிவிட்டது. பக்கத்து சீட் பெண் கொடுத்த பிஸ்கட்டும் ஆரஞ்சுச் சாறும் உள்ளே போன பிறகுதான் அம்மாவுக்குக் கை நடுக்கம் நின்றது. இந்தத் தடவையும் தனியாகத்தான் போகிறார். எதைப் பதிவு செய்வது? வீட்டுச் சாப்பாடு கொடுத்தனுப்பலாமா?

பதில் 1 (திருவாரூர், டிக்கெட் ஏஜென்சி)
தம்பி, அந்தப் பேர்தான் எல்லாரையும் கவிழ்க்கிறது. ‘இந்து மீல்’, பதிவுக் குறியீட்டில் எச்.என்.எம்.எல்., மாட்டிறைச்சி இல்லாத அசைவம். உங்களுக்கு வேண்டியது ஏ.வி.எம்.எல்., ‘ஏசியன் வெஜிடேரியன்’. வெங்காயம் பூண்டும் ஆகாதென்றால் வி.ஜே.எம்.எல்., ஜெயின் சாப்பாடு. சர்க்கரை இருக்கிறதே என்று ‘டயபெடிக்’ போட்டுவிடாதீர்கள், அதில் இறைச்சி வரலாம்.

இரண்டு விமானத்துக்கும் பதிவாகியிருக்கிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். பல நிறுவனங்கள் 24 மணி நேரம் முன்னால் கேட்கும், நான் 48 என்பேன். பயண நேரம் மாறினால் மறுபடி பாருங்கள், பதிவு விழுந்துபோவதுண்டு. யாராவது சீட் மாற்றிக்கொள்ளச் சொன்னால் அம்மா பணிப்பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும். சீட் நம்பர் பார்த்துத்தான் தட்டு வரும்.

பதில் 2 (கும்பகோணம், ஓய்வுபெற்ற நர்ஸ்)
தட்டு முன்னால் வந்து, பிரித்துப் பார்த்து, சாப்பிடக்கூடியதுதான் என்று தெரிந்த பிறகே ஊசி. இதை அம்மாவிடம் பத்து தடவை சொல்லுங்கள். இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் போட்டால் குளிரில் உறைந்துபோகலாம். மருந்துச் சீட்டும் கூடவே. மேற்கே போகும்போது நாள் நீளும், ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிட வேண்டிவரும். அளவையும் நேரத்தையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். குளுக்கோஸ் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பதில் 3 (மன்னார்குடி)
நான் மூன்று தடவை போய்வந்தவள். மிளகாய்ப்பொடி இட்லிதான் கைகொடுக்கும். இட்லியை நன்றாக ஆறவிட்டு, இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த பொடி தடவி, தணலில் வாட்டிய வாழையிலையில் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் வேர்த்து, நூல் விட்டுவிடும். சட்னி, தயிர், ஊறுகாய் கைப்பையில் வேண்டாம், சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

மேலே காற்று வறட்சி. உப்பும் இனிப்பும் நாக்குக்கு மந்தமாகத்தான் தெரியும். உள்ளே அழுத்தமும் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல, கிட்டத்தட்ட ஊட்டியில் உட்கார்ந்திருக்கிற கணக்கு. வயிற்றுக் காற்று விரிந்து உப்பும், அதனால் கிளம்புகிற அன்று சுண்டல், மொச்சை வேண்டாம். மிச்சமிருக்கும் இட்லியை விமானத்திலேயே விட்டு இறங்கச் சொல்லுங்கள். பெட்டியில் வைக்கும் வடகம், பொடி எல்லாவற்றையும் கனடா சுங்கத்தில் சொல்லிவிட வேண்டும்.

கேட்டவர்
எல்லாருக்கும் நன்றி. இப்போதுதான் பார்த்தேன், முதல் விமானத்துக்கு மாற்றியது இரண்டாவதில் ஏறவே இல்லை, பழைய எச்.என்.எம்.எல். அப்படியே இருக்கிறது. போன் போட்டு மாற்றிவிட்டேன். டாக்டரைப் பார்க்க வெள்ளிக்கிழமை போகிறோம். அக்கா, 14 மணி நேரத்துக்கு எட்டு இட்லி போதுமா?

பதில் 3 (மன்னார்குடி)
ஆறு போதும் தம்பி. சைவத் தட்டும் வருமே.