கட்டார் பொலிஸ் ரிப்போர்ட்டைத் திருகோணமலையில் இருந்து எடுக்கலாமா? (மனைவி கனடாவில் இருந்து ஸ்பொன்சர்)

உப்புவெளி கேட்டது:

வணக்கம். மனைவி ரொறன்ரோவில் இருந்து ஸ்பொன்சர் செய்கிறார். நான் பிறந்தது சம்பூர், 1986. 2006 சித்திரையில் இடம்பெயர்ந்து மட்டக்களப்புப் பக்கம் போய், பிறகு கிளிவெட்டி முகாம். 2013 முதல் 2019 வரை கட்டாரில் மேசன் வேலை. இப்போது உப்புவெளியில் இருக்கிறேன். கட்டார் ஐடி கார்ட் தொலைந்துவிட்டது, பழைய பாஸ்போட் கையில் இருக்கிறது. ஆனால் அதில் அப்பாவின் பெயரை எழுதியிருக்கும் ஆங்கில எழுத்தும் இப்போதைய பாஸ்போட்டில் உள்ளதும் ஒன்றல்ல.

கட்டார் பொலிஸ் ரிப்போர்ட் (குற்றப் பதிவு இல்லை என்ற பொலிஸ் சான்றிதழ்) கட்டாயமா? வேணுமென்றால் திரும்பப் போகாமல் எடுக்கலாமா? இலங்கை ரிப்போர்ட்டுக்கு முகாம் விலாசத்தை எப்படிப் போடுவது? 2008 இல் 3 மாதம் தடுத்து வைத்துவிட்டு வழக்குப் போடாமல் விட்டார்கள். இலங்கை ரிப்போர்ட் சுத்தமாக வந்தால் அதைச் சொல்லத் தேவையில்லை என்று ஒருவர் சொல்கிறார். அது சரியா?

மடத்தடி:

18 வயதுக்குப் பிறகு ஒரு நாட்டில் தொடர்ந்து 6 மாதம் அல்லது அதற்கு மேல் இருந்திருந்தால் அந்த நாட்டின் ரிப்போர்ட்டைக் கனடா கேட்கும். துணைவர் ஸ்பொன்சரில் முதல் அனுப்பும்போது செக்லிஸ்ட் குறைவாகக் கேட்டாலும், ஆறு வருடம் இருந்த நாட்டை அதிகாரி பின்னால் கேட்கத்தான் போகிறார். அப்போது தரும் தவணைக்குள் கட்டார் ரிப்போர்ட் எடுத்து முடியாது. இப்போதே தொடங்குங்கள்.

இதில் எல்லாரும் பிழைவிடுகிற இடம் எதை முதலில் எடுப்பது என்பதுதான். இப்போது வசிக்கிற நாட்டின் ரிப்போர்ட், விண்ணப்பம் அனுப்பும் நாளுக்கு முந்தின 6 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேணும். விட்டுவந்த நாட்டின் ரிப்போர்ட்டுக்கு அந்தக் கணக்கு இல்லை; கடைசியாக அங்கே இருந்து வந்ததற்குப் பிறகு எடுத்ததென்றால் போதும். அதனால் உங்கள் கட்டார் ரிப்போர்ட் பழசாகாது, இலங்கை ரிப்போர்ட் பழசாகும். சனம் பக்கத்தில் கிடைக்கிறதென்று இலங்கையை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு கட்டாருக்குக் காத்திருக்கும். கட்டார் வரும்போது இலங்கை காலாவதி. பிறகு காசும் அலைச்சலும் இரண்டாம் தரம். கட்டார் கடிதம் கையில் வந்த பிறகு இலங்கைக்குப் போடுங்கள்.

கட்டாரில் இருக்கும்போதே ஒன்று எடுத்து வைத்திருந்தால் அதை நம்பவேண்டாம். அது எடுத்த நாளுக்குப் பிறகும் அங்கே இருந்திருக்கிறீர்கள்.

குறிஞ்சாக்கேணி:

தம்பி, போகத் தேவையில்லை. ஆனால் கையெழுத்துக்காரர் சங்கிலி நீளம். ஒரு கண்ணி விடுபட்டாலும் டோகாவில் இருந்து திரும்பி வரும்.

முதலில் கைரேகைத் தாள். கொழும்பில் உள்ள பொலிஸ் குற்றப் பதிவுப் பிரிவில் பத்து விரலும் எடுத்து, எடுத்த அதிகாரியின் கையொப்பம், முத்திரை, திகதி மூன்றும் இருக்க வேணும். அதைப் பத்தரமுல்ல சுகுருபாயவில் உள்ள வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேணும். அதற்குப் பிறகு கொழும்பில் உள்ள கட்டார் தூதரகத்தின் முத்திரை. இந்த வரிசையை மாற்றேலாது, ஏனென்றால் தூதரகம் பார்ப்பது உங்கள் விரலை அல்ல, அமைச்சின் முத்திரையை. பிறகு டோகாவில் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்புங்கள். அவர் அங்குள்ள வெளிநாட்டு அமைச்சில் முத்திரை வாங்கி, குற்றச் சான்று மற்றும் தகவல் திணைக்களத்தில் கொடுப்பார். அவருக்கு நீங்கள் எழுதிய அதிகாரக் கடிதம், பழைய, புதிய பாஸ்போட் இரண்டின் பிரதி, இரண்டு போட்டோ எல்லாம் ஒன்றாகப் போக வேணும். தாளை லமினேட் பண்ணிவிடாதீர்கள். அதன் மேல் யாரும் முத்திரை குத்தமாட்டார்கள்.

ஐடி கார்ட் தொலைந்ததுக்குக் கவலைப்பட வேண்டாம், இலக்கம் இருந்தால் காணும். 2015 நடுப்பகுதி வரைக்கும் கட்டார் வதிவிட அனுமதியைப் பாஸ்போட்டிலேயே ஸ்டிக்கராக ஒட்டினார்கள். நீங்கள் 2013 இல் போனவர், பழைய பாஸ்போட்டைப் புரட்டினால் இருக்கும். இலக்கம் 11 தானம். முதல் தானம் நூற்றாண்டு (1900களில் பிறந்தவருக்கு 2), அடுத்த இரண்டும் பிறந்த வருடம், பிறகு மூன்று நாட்டுக் குறியீடு. இலங்கைக்கு 144. ஆகவே உங்களுடையது 286144 என்று தொடங்க வேணும். அப்படித் தொடங்காவிட்டால் நீங்கள் பார்ப்பது விசா இலக்கத்தை. இந்த இரண்டையும் மாற்றி எழுதி அனுப்பினவர்கள் நிறையப் பேர்.

பெயரைக் கைரேகைத் தாளில் இப்போதைய பாஸ்போட்டில் உள்ளபடி எழுதுவியுங்கள். பழைய எழுத்துக்கூட்டையும் பழைய பாஸ்போட் இலக்கத்தையும் கீழே குறிப்பிடச் சொல்லுங்கள். கட்டார்க் கணினியில் நீங்கள் பழைய பெயரில்தான் இருக்கிறீர்கள். இரண்டும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, ஆங்கிலத்தில், கூடவே வையுங்கள். கனடா படிவத்தில் வேறு பெயர்கள் என்ற கட்டத்திலும் அந்த எழுத்துக்கூட்டு வரவேணும்.

உப்புவெளி:

நன்றி நானா. இப்போதும் சீமெந்து வேலைதான். விரல் ரேகை தேய்ந்துபோய் இருக்கிறது. போனே விரலைப் பிடிக்குதில்லை. ஏற்பார்களா?

குறிஞ்சாக்கேணி:

கட்டாயம் யோசிக்க வேண்டிய விஷயம் இது. சீமெந்தும் சுண்ணாம்பும் தோலை அரித்துவிடும், ஆனால் ரேகை திரும்ப வளரும். கொழும்புக்குப் போக முதல் ஒரு கிழமை, முடிந்தால் இரண்டு கிழமை சீமெந்தில் கைவைக்காதீர்கள். இரவில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு படுங்கள். போகிற நாள் காலையில் பூசவேண்டாம், எண்ணெய் இருந்தால் மை பரவிவிடும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுப் போங்கள்.

எடுக்கும்போது கவனியுங்கள். ஒவ்வொரு விரலையும் நகத்தின் ஒரு ஓரத்தில் இருந்து மற்ற ஓரம் வரைக்கும் ஒரே உருட்டாக உருட்ட வேணும். பாதியில் நிறுத்தித் திருப்பி உருட்டினால் கோடு இரட்டையாக விழும். நீங்களாக உருட்டாதீர்கள், கையைத் தளர்த்தி அதிகாரியின் பிடியில் விடுங்கள். மை கூடினால் கோடுகளுக்கு இடையில் உள்ள வெள்ளை அடைந்து கறுப்புப் பொட்டாகிவிடும். காய்ந்த பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கோடு கோடாகத் தெரியவேணும். முத்திரை ரேகைக்கு மேலே விழவும் கூடாது. அங்கேயே கேட்டு இரண்டு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று திரும்பி வந்தால் இன்னொரு தரம் ரேகை எடுக்கத் தேவையில்லை.

கொட்டியாரம்:

இலங்கைப் பக்கத்துக்கு வருகிறேன்.

விண்ணப்பம் பொலிஸ் தளத்தில் ஒன்லைனில். பாஸ்போட், அடையாள அட்டை ஸ்கேன் வேணும். எந்த நாட்டுக்கு என்பதும் கேட்கும். இருந்த ஒவ்வொரு விலாசத்துக்கும் காலமும் அது எந்தப் பொலிஸ் பிரிவு என்பதும் போட வேணும். தலைமையகம் அந்தந்த நிலையத்திடம்தான் அறிக்கை கேட்கும். உப்புவெளிக்கு உப்புவெளி நிலையம் இருக்கிறது, திருகோணமலை என்று பொதுவாகப் போட்டால் கடிதம் தலைமை நிலையத்துக்குப் போய் அங்கே கிடக்கும். சம்பூருக்கும் இப்போது தனி நிலையம் உண்டு. முகாம் இருந்த இடம் எந்தப் பிரிவு என்பதை ஊகிக்காமல், போட முதல் அந்த ஊர் ஜீஎஸ்ஸிடம் (கிராம சேவகரிடம்) கேட்டுவிடுங்கள்.

முகாமை ஒளிக்க வேண்டாம். 2006 முதல் இடைவெளி விட்டு, சம்பூரிலேயே இருந்ததாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2006 இல் சனம் முழுக்க எழும்பினது, 2015, 2016 இல்தான் திரும்பக் குடியேறினது என்று அங்குள்ள ஒவ்வொருவருக்கும் தெரியும். விசாரிக்க வரும் பொலிசிடம் அயலவர் அதைத்தான் சொல்லுவார். "இடைத்தங்கல் முகாம், கிளிவெட்டி" என்று காலத்தோடு எழுதுங்கள். ஜீஎஸ்ஸின் வதிவிடச் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் வாங்கி வைத்திருங்கள். கனடாவின் 5669 படிவத்தில் (விண்ணப்பதாரரின் பின்னணி விபரங்களைக் கேட்கும் படிவம்) விலாசங்களை மாத இடைவெளியும் இல்லாமல் கேட்கிறார்கள். பொலிஸ் விண்ணப்பத்தில் போட்டதும் அதில் போட்டதும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேணும். முதலில் 5669 ஐ நிரப்பி, அதைப் பார்த்துப் பொலிஸ் விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

பொலிஸ் வீட்டுக்கு வரும் நாட்களில் ஒருவராவது வீட்டில் இருக்கட்டும். விலாசத்தில் ஆளை அறியவில்லை என்று அறிக்கை போனால் அதை மாற்ற எடுக்கிற நேரம் புதிதாகப் போடுவதை விடக் கூட. பாஸ்போட் முடியப்போகிறதென்றால் அதை முதலில் புதுப்பியுங்கள், நடுவில் இலக்கம் மாறக்கூடாது.

இனி தடுப்பு விஷயம். உங்களிடம் சொன்னவர் பிழையாகச் சொல்லியிருக்கிறார், இதில் அவரைக் கேட்கவே வேண்டாம். 5669 இல் தீர்ப்பு விழுந்ததா என்று ஒரு கேள்வி, தடுத்து வைக்கப்பட்டீர்களா என்று வேறொரு கேள்வி. பொலிஸ் ரிப்போர்ட் முதலாவதுக்குத்தான் பதில் சொல்லும். வழக்கே இல்லாத 3 மாதம் அதில் வராமல் போகலாம், ஆனால் கேள்விக்கு உங்கள் பதில் "ஆம்" தான். "இல்லை" என்று போட்டுப் பிடிபட்டால் அது தடுப்புக்கான தண்டனை அல்ல, பொய்த்தகவலுக்கான 5 வருடத் தடை. ஆம் என்று போட்டு எங்கே, எந்தத் திகதி முதல் எது வரை, எந்தச் சட்டத்தின் கீழ், எப்படி விட்டார்கள் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றால் அப்படியே எழுதுங்கள். விடுவித்த கடிதம் இருந்தால் அதன் பிரதி, நீதவான் முன் நிறுத்தியிருந்தால் பதிவாளரிடம் கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதி. சர்வதேச செஞ்சிலுவைக் குழு உங்களைத் தடுப்பில் வந்து பார்த்திருந்தால் அவர்கள் அதற்குச் சான்றுக் கடிதம் தருவார்கள், கேட்டுப் பாருங்கள்.

மடத்தடி:

ஒன்று விட்டுப்போனது. கட்டார்க் கடிதம் அரபியில் மட்டும் வந்தால் மொழிபெயர்ப்பு வேணும், மனைவியோ சொந்தக்காரரோ செய்தது செல்லாது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் அவருடைய சத்தியக்கடதாசியோடு சேர்த்து வாங்குங்கள். ரிப்போர்ட்டை மூலப்பிரதியில் இருந்து கலரில், நாலு மூலையும் தெரிய, பின்பக்கத்தில் முத்திரை இருந்தால் அதையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். போட்டோக்கொப்பியில் உறுதிப்படுத்தி அனுப்பினால் எடுக்கமாட்டார்கள்.

டோகா இழுபட்டால், அனுப்பிய கூரியர் ரசீது, தூதரக முத்திரை விழுந்த தாளின் பிரதி, டோகா ஆளோடு பேசின மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். எடுக்க முயன்றதற்கு அதுதான் அத்தாட்சி. விளக்கக் கடிதத்தோடு அதைச் சேர்த்து அவகாசம் கேட்கலாம்.