சிவகாசியில் வாழ்த்து அட்டை, அழைப்பிதழ் நிறுவனத்தில் வேலை எப்படியிருக்கும்?

நெல்லைவாசி:

சிவகாசியில் வாழ்த்து அட்டைகளும் திருமண அழைப்பிதழ்களும் தயாரிக்கும் நடுத்தர நிறுவனமொன்றின் வடிவமைப்புப் பிரிவில் சேரும்படி எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. முதுகலைத் தமிழ் முடித்த பிறகு கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும் கற்றுக்கொண்டு, இப்போது பாளையங்கோட்டையில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்க்கிறேன். தமிழும் வடிவமைப்பும் ஒருசேரத் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது என்று அந்த நிறுவனத்தார் சொன்னதைக் கேட்டதிலிருந்து, வாழ்த்து வாசகங்களும் கவிதைகளும் எழுதும் வாய்ப்பு அங்கே கிடைக்கக்கூடும் என்று மனத்துக்குள் ஓர் ஆசை எழுந்திருக்கிறது. வீட்டிலோ, "வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்புகிற காலத்தில் அட்டைக் கம்பெனிக்குப் போய் என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்கிறார்கள். அன்றாட வேலை எப்படிப்பட்டது, ஆண்டு முழுவதும் வேலை இருக்குமா, சம்பளம் எந்த முறையில் கிடைக்கும் என்பதையெல்லாம் இத்தொழிலில் இருப்பவர்கள் விவரமாகச் சொன்னால், முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

நான்குவண்ணம்:

நண்பரே, கவிதை எழுதும் ஆசையை மட்டும் முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். அமெரிக்காவின் கான்சஸ் நகரில் 1910இல் தொடங்கப்பட்ட ஹால்மார்க் போன்ற நிறுவனங்களில் வாசகம் எழுதுவதற்கென்றே சம்பளத்துக்கு எழுத்தாளர்களை வைத்திருக்கிறார்கள். அங்கே பிறந்தநாள், உடல்நலம் விசாரித்தல், இரங்கல் என்று ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் தனித்தனியே அட்டை விற்பதால், அட்டையைத் திறந்தால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். நம் ஊரில் பொங்கல் வாழ்த்து கொடிகட்டிப் பறந்த நாட்களில்கூட, பானையும் கரும்பும் காளையும், முருகனும் மீனாட்சியும், அவரவருக்குப் பிடித்த நடிகர்களும் இருந்த படத்தைப் பார்த்துத்தான் எடுத்தார்களே தவிர, உள்ளே இருந்த ஒற்றை வரியை யாரும் படித்துப் பார்த்து வாங்கியதில்லை. கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த மரபு இது. ஓவியருக்கு இங்கே இருந்த மதிப்பு வாசகம் எழுதுபவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

ஆனால் உங்கள் தமிழுக்கு வேலையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெயர்ப்பலகையில் வாழ்த்து அட்டை என்று இருந்தாலும், இன்று பெரும்பாலான நாட்கள் கல்யாணப் பத்திரிகையோடுதான் கழியும். வெற்று அட்டைகளைப் பல வண்ணத்தில் அச்சடித்துக் கடைகளுக்கு அனுப்பிவிட்டால், அந்தந்த ஊர் அச்சகக்காரர்களே மேட்டரை, அதாவது பெயர், நாள், இடம் கொண்ட வாசகத்தை, அடித்துக்கொள்வார்கள். அதற்கு வெளியே, மேட்டரோடு சேர்த்து முழுப் பத்திரிகையாக வருகிற ஆர்டர்களில்தான் உங்களைப் போன்றவர் தேவைப்படுவார். கையெழுத்துத் தாளிலோ, வாட்ஸப்பில் சாய்வாக எடுத்த படத்திலோ மேட்டர் வந்து சேரும். அதில் "தை 14, வியாழக்கிழமை, 28.1.2026" என்று எழுதியிருந்தால், அந்த ஆண்டு தை முதல் நாளே ஜனவரி 15 வியாழன், ஆகவே தை 14 புதன்கிழமைதான் என்பதைப் பிடிக்க வேண்டியவர் நீங்கள். நட்சத்திரமும் திதியும் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதும் பல இடங்களில் நம் தலையில்தான் விழும்.

இதைவிடக் கவனம் வேண்டியது பெயர்களில். மறைந்தவர் பெயருக்கு முன்னால் தெய்வத்திரு என்று வரும். கிறித்தவக் குடும்பத்தில் காலஞ்சென்ற என்றும், முஸ்லிம் குடும்பத்தில் மர்ஹூம் என்றும் எழுதுவார்கள். அந்த ஒரு சொல் பக்கத்து வரிக்கு நழுவி, உயிரோடு இருக்கும் தாத்தாவின் பெயருக்கு முன்னால் போய் நின்றுவிட்டால், அச்சடித்த அத்தனையும் கழிவுக் கட்டுக்குத்தான் போகும். தாய்மாமன் பெயர் விடுபடுவதும், மூத்த சித்தப்பாவுக்கு மேலே இளையவர் ஏறிக்கொள்வதும் இதற்கு அடுத்த நிலை விபத்துகள். தமிழ் படித்தவர் என்பதைவிட, உறவுமுறை தெரிந்தவர் என்பதால்தான் நீங்கள் அங்கே மதிக்கப்படுவீர்கள். பழைய கோப்புகள் பாமினி, ஸ்ரீலிபி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் கிடக்கும். யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதைச் சரிசெய்தே பாதி மதியம் போய்விடும்.

பிளேட்ரூம்:

மேலே சொன்னவர் கணினி அறையோடு நிறுத்திவிட்டார். வடிவமைப்பாளர் மெஷின் அருகே வந்து நிற்கப் பழகாவிட்டால் இந்தத் தொழிலில் தேறமாட்டார் என்பது உற்பத்திப் பிரிவில் இருக்கும் எங்களுடைய கருத்து.

ஒரு நல்ல அட்டை நான்கு வண்ணத்தில் ஆஃப்செட்டில் ஓடி, லேமினேஷன் ஏறி, அதன்பிறகு ஃபாயில், எம்பாசிங் (புடைப்பாக அழுத்துதல்), பஞ்சிங் (வடிவமாக வெட்டுதல்), மடிப்பு, ஒட்டு என்று கை மாறிக்கொண்டே போகும். திரையில் அழகாகத் தெரிகிற எழுத்து ஃபாயிலில் எப்படி விழும் என்பதை உள்ளே வருகிற புதியவர்கள் யோசிப்பதே இல்லை. பொன்னிறத் தாளைச் சூடான அச்சுக்கட்டை அழுத்தித்தான் எழுத்து பதிகிறது. சூடு குறைந்தால் எழுத்து ஆங்காங்கே அறுந்து நிற்கும். கூடினால் ண, ழ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைபட்டுப் பொட்டுப் பொட்டாகத் தெரியும். மெல்லிய கோடும் நெருக்கமான சுழியும் உள்ள எழுத்துருவை மணமக்கள் பெயருக்கு வைத்துவிட்டு, "மெஷின்மேன் சரியாக அடிக்கவில்லை" என்று சொல்லும் வடிவமைப்பாளர்களோடு நாங்கள் தினமும் மல்லுக்கு நிற்கிறோம். சுழி அகன்ற, கோடு தடித்த எழுத்துருவைத் தொடக்கத்திலேயே எடுத்துவிட்டால் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

ஆண்டு முழுவதும் வேலை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். முகூர்த்த மாதங்கள்தான் பத்திரிகை வேலையை இழுத்துச் செல்கின்றன. தை பிறக்கும் முன்பே தொடங்கும் நெருக்கடி பங்குனி வரை இருக்கும். வைகாசிக்கும் ஆவணிக்கும் மீண்டும் சூடுபிடிக்கும். ஆடியில் கல்யாணம் இல்லையென்றாலும் சிவகாசிக்கு ஆடியில் ஓய்வில்லை, ஏனென்றால் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்று பூசை போட்டு வெளியிடுவது இவ்வூர் வழக்கம். அதன்பிறகு மார்கழி முடியும் வரை தினசரி காலண்டரும் டைரியும் ஓடும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கத் தொடங்கி வளர்ந்த ஊர் இது. ஒன்று படுத்தால் இன்னொன்றை எடுத்து ஓட்டத் தெரிந்த ஊர். அட்டை மட்டுமே செய்யும் நிறுவனமா, காலண்டரும் சேர்த்துச் செய்யும் நிறுவனமா என்பதைச் சேருமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். முன்னது என்றால் மந்த மாதங்களில் முதலாளியின் முகம் மாறிவிடும்.

ஆல்பம்பை:

விற்பனைப் பக்கத்திலிருந்து நானும் ஒன்று சொல்கிறேன். மாதிரி அட்டைகள் கோத்த ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு மதுரை, திருச்சி, கோவை என்று கடை கடையாக ஏறி இறங்கியவன் என்ற முறையில், மற்ற இருவரைப் போல என்னால் தைரியம் சொல்ல முடியவில்லை.

பொங்கல் வாழ்த்து அட்டை கண் முன்னாலேயே கரைந்துபோனது. தொண்ணூறுகளில் மார்கழி பிறந்தால் பெட்டிக்கடையில்கூடக் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். உறையை ஒட்டாமல் புக் போஸ்ட்டில் அனுப்பினால் தபால்தலைச் செலவும் குறைவு. கைப்பேசிக் குறுஞ்செய்தி பரவியதும் அந்த வியாபாரம் ஒடுங்கத் தொடங்கி, பிறகு வாட்ஸப் வந்து மிச்சத்தையும் முடித்துவைத்தது. 1979இல் டெல்லியில் தொடங்கி நாடு முழுவதும் கடை பரப்பிய ஆர்ச்சிஸ்கூட, அட்டையை மட்டும் நம்பாமல் பரிசுப் பொருட்களின் பக்கம் சாய்ந்துகொண்டது.

கல்யாணப் பத்திரிகை அப்படி ஒரேயடியாகப் போய்விடாது, அதை ஒப்புக்கொள்கிறேன். குலதெய்வத்தின் முன் வைக்கவும், மூலையில் மஞ்சள் தடவி நேரில் கொடுக்கவும் காகிதம் வேண்டும். மாமன் வீட்டுக்கு வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பிவிட்டு எந்தக் கல்யாணத்தையும் நிம்மதியாக நடத்த முடியாது. ஆனால் எண்ணிக்கை குறைகிறது. 2020 ஊரடங்கில் திருமணத்துக்கு 50 பேர் என்ற கட்டுப்பாடு வந்தபோது குறைவாக அடிக்கப் பழகியவர்களில் பலர் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பவே இல்லை. ஆயிரம் அடித்த வீட்டில் இப்போது முந்நூறு அடித்துவிட்டு, மற்றவர்களுக்குக் கைப்பேசியில் படமாக அனுப்புகிறார்கள். எண்ணிக்கை குறைந்ததால் அட்டையின் விலையைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்கிறார்கள்: பெட்டி வைத்த அட்டை, வெல்வெட் உறை, லேசர் வெட்டு என்று போகிறது. இது எவ்வளவு தூரம் ஓடும் என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது.

பிளேட்ரூம்:

ஆல்பம்பை அண்ணாச்சி சொல்வதை முழுவதும் ஏற்க முடியாது. எண்ணிக்கை குறைந்தது உண்மை; ஆனால் முந்நூறு அட்டைக்கு மேட்டர் தயார் செய்யவும் ஆயிரம் அட்டைக்குத் தயார் செய்யவும் வடிவமைப்பாளருக்கு ஆகிற நேரம் ஒன்றுதான். குறைவாக அடிக்கிறவர்கள்தான் தங்களுக்கென்று தனி வடிவம் கேட்கிறார்கள். பாதிக்கப்படுவது மெஷின் ஓடும் நேரமும் ஒட்டுப் பிரிவின் கூலியும்தான். கணினி அறைக்கு வேலை கூடியிருக்கிறது.

கணக்குப்பிரிவு:

சம்பளத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை என்பதால் எழுதுகிறேன். மடிப்பு, ஒட்டு, ரிப்பன் கட்டுதல், கல் பதித்தல் ஆகிய வேலைகளைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குப் பீஸ் ரேட்டில், அதாவது முடித்த எண்ணிக்கைக்கு ஏற்ப, கணக்குப் பார்த்துச் சனிக்கிழமை கூலி கொடுப்பார்கள். வடிவமைப்பாளர் மாதச் சம்பளக்காரர். முகூர்த்த நேரத்தில் இரவு ஒன்பது, பத்து மணி வரை உட்கார வேண்டியிருக்கும் என்பதால், அந்தக் கூடுதல் நேரத்துக்குத் தனியாகத் தருவார்களா, தீபாவளி போனஸில் சேர்த்துக்கொள்வோம் என்பார்களா என்பதை முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. நான் முன்பு இருந்த ஓரிடத்தில், "எல்லாம் போனஸில் பார்த்துக்கொள்ளலாம் அம்மா" என்று ஆண்டு முழுவதும் சொல்லிவிட்டு, தீபாவளிக்கு இரண்டு பட்டாசுப் பெட்டியும் ஒரு சேலையும் தந்தார்கள்.

இருபது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தாக வேண்டும்; பத்து பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) வரம்புக்குள் வரும், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கு அது பொருந்தும். ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஆட்களை இரண்டு மூன்று பெயர்களில் பிரித்துக் காட்டும் இடங்களும் உண்டு. ஆகவே உங்கள் சம்பளச் சீட்டில் எந்த நிறுவனத்தின் பெயர் வரும் என்று கேளுங்கள். கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ளும் இடமாக இருந்தால், அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

நெல்லைவாசி:

அனைவருக்கும் நன்றி. காலண்டரும் செய்கிறார்களாம், இன்று தொலைபேசியில் விசாரித்துவிட்டேன். அடுத்த வாரம் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சிறு தேர்வும் வைப்பார்களாம். எதைத் தயார் செய்துகொண்டு போவது?

நான்குவண்ணம்:

பெரும்பாலும் ஒரு மேட்டரைக் கொடுத்து, அரை மணி நேரத்தில் தட்டச்சு செய்து அமைக்கச் சொல்வார்கள். தவறுகளை அதில் வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். கிழமையும் தேதியும் பொருந்துகின்றனவா, இன்ஷியல் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா, மணமகனின் ஊர்ப்பெயர் உறையிலும் உள்ளேயும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கண்ட தவறுகளை நீங்களாக அமைதியாக மாற்றிவிடாமல், தனித்தாளில் குறித்து வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியவை என்று காட்டுங்கள். சில குடும்பங்களில் பெயரை அப்படித்தான் எழுதுவார்கள். கூடவே, ஒரு முழுத்தாளில் எத்தனை அட்டை உட்காரும், மடிப்புக்கும் வெட்டுக்கும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைக் காகிதத்தில் கோடு போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். டிடிபி கடையிலிருந்து வருகிறவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

பிளேட்ரூம்:

அப்படியே ஃபாயிலுக்கு உதவும் எழுத்துருக்கள் இரண்டு மூன்றை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். உற்பத்தி மேலாளர் உள்ளே இருந்தால் அதைத்தான் முதலில் வாங்கிப் பார்ப்பார்.