மாத்திரைக்கு முன் உப்பைக் குறைத்துப் பார்க்கலாமா?

கேள்வி (சோமனூர்):
வணக்கம். எனக்கு வயது 44. விசைத்தறிக் கூடத்தில் வேலை. இரத்த அழுத்தம் 146/92 இருந்தது. வேறு கோளாறு எதுவும் இல்லாததால், மூன்று மாதம் பழக்கவழக்கங்களை மாற்றிப் பாருங்கள், பிறகு மாத்திரையைப் பற்றிப் பேசலாம் என்றார் மருத்துவர். உப்பைக் குறைக்கச் சொன்னார். ஆனால் வீட்டில் குழம்புக்கு அளவாகத்தான் உப்புப் போடுகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில் (கோபிசெட்டிபாளையம்):
ஐயா, குழம்பை விடுங்கள். தட்டில் அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். அரிசிம்பருப்புச் சோற்றுக்கு ஓர் அப்பளம், இரண்டு மோர் மிளகாய், எலுமிச்சை ஊறுகாய், கடைசியில் மோரில் ஒரு சிட்டிகை என்று உப்பு வந்து சேர நம் சாப்பாட்டில் வழிகள் பல. மாலையில் தேநீர்க் கடை மிக்சரும் சேர்ந்தால், நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு எளிதில் தாண்டிவிடும். எங்கள் வீட்டில் மோருக்கு உப்பை விட்டுவிட்டு இஞ்சியும் கொத்தமல்லித் தழையும் தட்டிப் போடுகிறோம். தொடக்கத்தில் எல்லோரும் முகம் சுளித்தார்கள், இப்போது ஓட்டல் சாம்பார்தான் கரிக்கிறது. கொள்ளு ரசம் குடித்தால் போதும் என்று யாராவது சொல்வார்கள். கொள்ளு நல்ல உணவுதான். மருந்தாக எண்ண வேண்டாம்.

பதில் (பொள்ளாச்சி):
தறிகளுக்கிடையே நாள் முழுதும் நடப்பதை நடைப்பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். சற்று மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற வேகத்தில், அரை மணி நேரம் வீதம் வாரத்தில் ஐந்து நாளாவது நடக்க வேண்டும். எடை கூடுதலாக இருந்தால், குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் இரத்த அழுத்தத்தின் மேல் எண் (உங்களுக்கு 146) ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும் என்பது பொதுக் கணக்கு. வாரக்கூலி வாங்கிய இரவில் மது அருந்தும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். கீரை, வாழைப்பழம், எங்கள் ஊர் இளநீர் ஆகியவற்றிலுள்ள பொட்டாசியம், உடலில் மிகுந்த சோடியத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்ற உதவுகிறது.

பதில் (ஈரோடு, ஓய்வு பெற்ற செவிலியர்):
மேலே சொன்ன இளநீர் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. பொட்டாசியம் கலந்த 'குறைந்த சோடிய' உப்பும் அப்படியே. தம்பி, அழுத்தத்தை வீட்டிலேயே அளந்து குறித்து வைத்தால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். தேநீரோ புகையோ முடித்து அரை மணி நேரம் கழிந்தபின், நாற்காலியில் முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்து, கையை நெஞ்சின் உயரத்துக்கு மேசைமேல் வைத்து அளக்க வேண்டும். கால்மேல் கால் போடக் கூடாது. இரவில் பலத்த குறட்டையும் பகலில் தூக்கக் கலக்கமும் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் உறக்கத்தில் மூச்சு தடைபடுவதும் அழுத்தத்தை ஏற்றும். அளவு 180/120-ஐத் தொட்டு, நெஞ்சுவலியோ பேச்சுக் குழறலோ இருந்தால் மூன்று மாதக் கெடுவையெல்லாம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.