காஸ் 2தீட்டாவுக்கு ரெண்டு இதழ்தான் வருகிறது, எங்கே இடிக்கிறது?

திருமங்கலத்தான்:
பி.எஸ்சி. கணக்கு படிக்கிறேன். போலார் வளைவுகளை, அதாவது தீட்டா என்ற கோணத்துக்கு மையத்திலிருந்து ஆர் என்ற தூரத்தில் புள்ளி வைத்து வருகிற வளைவுகளை, கையால் வரைகிற பகுதியில் மாட்டிக்கொண்டேன். ஆர் = காஸ் 3தீட்டா போட்டால் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே மூன்று இதழ் வருகிறது. அதே முறையில் ஆர் = காஸ் 2தீட்டா போட்டால் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, அவ்வளவுதான். நான்கு வரணுமாம். கால்குலேட்டர் டிகிரியில்தான் இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டேன். 45-க்கும் 135-க்கும் நடுவில் ஆர் மைனஸில் வருகிறது, தூரம் எப்படி மைனஸாகும் என்று அட்டவணையில் அந்த வரிகளை விட்டுவிட்டேன். மூன்று இதழுக்கும் அப்படித்தான் விட்டேன், அது மட்டும் எப்படிச் சரியாக வந்தது? அப்புறம், போலார் கிராஃப் ஷீட் இங்கே கிடைக்கவில்லை, மதுரைக்கு வந்துதான் வாங்கணுமா அண்ணே?

மாசி வீதி:
விட்ட வரிகளுக்குள்ளேதான் தம்பி மீதி ரெண்டு இதழும் இருக்கிறது. ஆர் மைனஸ் என்றால் அந்தக் கோணத்தைப் பார்த்து நின்றுகொண்டு பின்பக்கமாக நடக்கணும். மீனாட்சியம்மன் கோயிலில் திருப்பரங்குன்றத்தைப் பார்த்து நின்று பின்னாலேயே நடந்தால் மாட்டுத்தாவணிப் பக்கம்தானே போவீர்கள், அதேதான். 90 டிகிரியில் ஆர் = -1, ஆகவே புள்ளி மையத்துக்குக் கீழே ஒரு அலகில் விழும். 45 முதல் 135 வரை கீழ் இதழ், 225 முதல் 315 வரை மேல் இதழ். வலது, கீழ், இடது, மேல் என்ற வரிசையில் பேனாவை எடுக்காமல் வரையலாம்.
ஷீட்டுக்காக பஸ் ஏற வேண்டாம். காம்பஸில் நாலைந்து வட்டம், இரண்டு மூலைமட்டங்களையும் சேர்த்து வைத்து 15 டிகிரிக்கு ஒரு கோடு, போதும்.

பழைய கணக்கு வாத்தியார்:
மூன்று இதழ் எப்படிச் சரியாக வந்தது என்று கேட்டீர்களே, அதுதான் நல்ல கேள்வி. காஸ் 3தீட்டாவில் 60 டிகிரிக்கு ஆர் = -1, எதிர்த்திசை 240. ஆனால் 240-இல் போட்டுப் பாருங்கள், காஸ் 720 என்பது 1, அங்கே ஏற்கெனவே ஒரு இதழ் நிற்கிறது. மைனஸ் வரிகள் எல்லாம் வரைந்த இதழ் மேலேயே இன்னொரு தடவை ஓடுகின்றன, அதனால் விட்டாலும் தெரியவில்லை. தீட்டாவைப் பெருக்குகிற எண் ஒற்றைப்படை என்றால் அத்தனை இதழ், இரட்டைப்படை என்றால் இரண்டு மடங்கு என்று எல்லாரும் மனப்பாடம் செய்வது இந்தக் காரணத்தால்தான்.
சூத்திரத்தை நம்பி இருக்காதீர்கள். முதலில் தீட்டா கிடையாக, ஆர் செங்குத்தாகச் சாதாரண வரைபடம் ஒன்று கிறுக்கி, அச்சுக்குக் கீழே இறங்கும் துண்டுகளை வேறு மையில் குறியுங்கள். அதைப் பார்த்துக்கொண்டே ஆர் = 1 + 2 காஸ் தீட்டா வரைந்து பாருங்கள். 0-வில் 3, 90-இல் 1, 120-இல் பூஜ்யம். 120 முதல் 240 வரை மைனஸ், 180-இல் -1, அதாவது புள்ளி வலப்பக்கம் ஒரு அலகில், பெரிய வளையத்துக்குள்ளேயே சின்ன வளையமாக. பெரிய வளையம் மையத்துக்கு இடப்புறம் வெறும் 0.125 அலகுதான் தாண்டும், பரீட்சைத் தாளில் பாதிப் பேர் அதைப் பூசணிக்காய் மாதிரி ஊத விட்டிருப்பார்கள்.

திருமங்கலத்தான்:
நான்கு இதழும் வந்துவிட்டது, நன்றி அண்ணே, நன்றி சார். அடுத்த கணக்கு ஆர் வர்க்கம் = காஸ் 2தீட்டா. இதற்குப் புத்தகத்திலேயே ரெண்டு இதழ்தான். இங்கேயும் மைனஸுக்கு எதிர்ப்பக்கம் போகணுமா?

பழைய கணக்கு வாத்தியார்:
வேண்டாம். அங்கே மைனஸ் ஆவது ஆரின் வர்க்கம், அப்படி ஒரு மெய்யெண் ஆர் கிடையாது, ஆகவே 45 முதல் 135 வரை தாள் காலியாகவே இருக்கணும். இது ஜேக்கப் பெர்னூலி 1694-இல் எழுதிய லெம்னிஸ்கேட், படுத்த எட்டு மாதிரி இருக்கிற வளைவு. -45 முதல் 45 வரை மட்டும் அட்டவணை போடுங்கள், வர்க்கமூலத்தின் பிளஸ் வலது இதழைத் தரும், மைனஸ் இடது இதழைத் தரும். 45, 135 டிகிரிக் கோடுகளைப் பென்சிலில் முதலிலேயே லேசாகப் போட்டுவிடுங்கள், ரெண்டு இதழும் அந்தக் கோடுகளை ஒட்டித்தான் மையத்துக்குள் நுழையும்.